சாமிக்கு வழி விடுங்க

சாமி என்று கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்று தணிகைவேல் மூன்று முறை தீர்மானித்திருந்தான். மூன்று முறையும் திரும்பிவிட்டான். நாலாவது முறையும் திரும்பினான். ஜெரால்டு ஒரு கையில் நுரை தளும்பும் பிளாஸ்டிக் டம்ளரும் இன்னொரு கையில் அவித்த மக்காச்சோளமுமாகக் கூட்டத்துக்குள் நெளிந்து நெளிந்து வந்துகொண்டிருந்தான். வந்தவன் பக்கத்தில் வராமல் மூன்றடி தள்ளியே நின்று, சோளத்தைத் தடுப்புக் கம்பின் மேல் பதமாக வைத்துவிட்டுப் பின்வாங்கினான். "எடுத்துக்குங்க சாமி. நான் குடிச்சிருக்கேன், கை பட்டுடக் கூடாது பாருங்க. மோமோஸ் கடையில விசாரிச்சேன், சிக்கன் வேகற பாத்திரத்துலயேதான் காய்கறியும் வேகுதாம். அதான் சோளம். வெண்ணெய் வேணாம்னுட்டேன், எந்த வெண்ணெயோ என்னமோ." தணிகைவேலுக்குக் காலையிலிருந்து அந்தக் கடையின் மட்டன் ரோல் மேல்தான் கண். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அதைத் தின்றதாகச் சொல்கிறார்கள், ருசி ஞாபகம் இல்லை, இந்த வருஷமாவது ருசி தெரியத் தின்ன வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டி வந்தான். இப்போது சோளம். வெண்ணெய்கூட இல்லாத சோளம். வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, தலையை ஒரு தடவை ஆட்டினான், அவ்வளவுதான். அந்த ஒரு ஆட்டலுக்கு இவ்வளவு தண்டனையா?

மத்தியானம் இரண்டரை மணிக்கு, புதுச்சேரிக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய இந்தத் திடலில் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வைத்து நடந்தது அது. ஜெரால்டை வருஷத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பது. அவன் ஓசூரில், தணிகைவேல் சென்னையில். டிசம்பரில் நடக்கும் இந்த இரண்டு நாள் பாட்டுத் திருவிழாதான் இருவருக்கும் பொது. எட்டு வருஷமாக ஒன்று விடாமல் வருகிறார்கள். வழக்கம்போல ஜெரால்டு வண்டியின் பின்கதவைத் திறந்து, ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். தணிகைவேல் வேண்டாம் என்றான். ஜெரால்டு சிரித்தான். மறுபடி வேண்டாம் என்றான். ஜெரால்டு சிரிப்பை நிறுத்திவிட்டு மேலிருந்து கீழாகப் பார்த்தான். பத்து நாள் மழிக்காத தாடி, அதற்குக் காரணம் சோம்பேறித்தனம். கழுத்து மூடிய கறுப்பு டீ-சர்ட், அதற்குக் காரணம் இது ராக் திருவிழா, இங்கே பாதிப் பேர் கறுப்புதான். பார்த்த ஜெரால்டின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "டேய், மாலை போட்டிருக்கியா? சொல்லவே இல்ல!" என்றவன் அந்த வாக்கியம் முடிவதற்குள் பாட்டிலைப் பெட்டிக்குள் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சாமி, தெரியாம நீட்டிட்டேன்" என்றான். எட்டு வருஷத்து 'டா' ஒரு நொடியில் 'ங்க' ஆகிவிட்டது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற அம்மாவுக்குப் பிறந்தவன், விரதம் என்றால் என்ன என்று தெரிந்தவன், மாலை போட்ட ஐயப்ப சாமியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சாமிகளுக்கே பாடம் எடுப்பான். தணிகைவேல் என்ன செய்திருக்க வேண்டும்? இல்லையடா, நான் குடியை விட்டுப் பதினோரு மாசமாயிற்று என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் அந்தப் பாட்டில் எவ்வளவு சுலபமாகப் பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று! பதினோரு மாசத்தில் ஒரு பாட்டில்கூட அவ்வளவு சுலபமாகத் திரும்பிப் போனதில்லை. தலையை ஆட்டிவிட்டான்.

அதுதான் எரிச்சல். மோர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். பாகற்காய் வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு அடுத்த இலைக்குப் போகிறார்கள். இது ஒன்றை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், ஜாதகம் கேட்பார்கள். டாக்டர் வேண்டாமென்றார் என்றால் எந்த டாக்டர், அவரே ராத்திரி ரெண்டு ரவுண்டு போடுவாரே என்பார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் நானும்தான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்பார்கள். வண்டி ஓட்டணும் என்றால் ஆள் போட்டுக்கலாம் என்பார்கள். எதுவும் சொல்லாமல் மிக்சர் தட்டோடு ஓரமாக உட்கார்ந்தால், வந்துட்டான்டா சைடிஷ் பார்ட்டி, தட்டை ஒளிச்சு வையுங்க என்பார்கள். தணிகைவேல் வேண்டாம் என்றால் அதற்கு மதிப்பு இல்லை. ஐயப்பன் வேண்டாம் என்றால் பாட்டில் பெட்டிக்குள் போகிறது. நாற்பத்தொரு வயசு, பம்ப்செட் கம்பெனியில் பதினெட்டுப் பேருக்கு மேற்பார்வையாளன், வீட்டுக்கடன் வாங்கிக் கட்டுகிறவன், இவன் சொல் சபை ஏறாது, கழுத்தில் இல்லாத மாலையின் சொல் ஏறும். சரி, ஏறிவிட்டுப் போகட்டும் என்று விட்டதுதான் தப்பு. அடுத்த நிமிஷமே ஜெரால்டு அவன் காலைப் பார்த்தான். "சாமி, செருப்போடயா?" வேலியில் போகிற ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்டாகிவிட்டது, இனிக் குடைகிறதே என்றால் முடியுமா? செருப்பு ஜெரால்டின் வண்டிக்குள் போயிற்று. வண்டி பூட்டப்பட்டது. இப்போது இந்தத் திடலில் உள்ள நெருஞ்சி முள் அத்தனையும் தணிகைவேலின் பாதத்துக்குத் தெரிந்தவை. நசுங்கிய பாட்டில் மூடி ஒன்றும் குத்தியது. சோளத்தைக் கடித்தான். உப்பும் இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று ஒரு நினைப்பு வந்தது, அதை உடனே தள்ளினான், அது போகாமல் பக்கத்திலேயே நின்றது. மாலை விஷயத்தில் விளையாடக் கூடாது, அது நெருப்பு. அவனுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவனுக்கே நிச்சயம் கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதவன் பயப்பட மாட்டான் என்று எந்தச் சட்டமும் இல்லையே. கூட்டத்தில் முன்னால் போக முடியுமா என்று எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெரால்டு குரல் கொடுத்தான் பாருங்கள், "சாமிக்கு வழி விடுங்கப்பா, சாமிக்கு வழி விடுங்க" என்று. காதில் கடுக்கன் போட்டவர்கள், கையில் மண்டையோடு பச்சை குத்தியவர்கள், தலைமுடியை நீலமாக்கிக்கொண்டவர்கள், எல்லாரும் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒருத்தன் சரணம் சொன்னான். இன்னொருத்தன், ஆறடி உயரம், எந்தக் குழு, குருசாமி யாரு என்று கேட்டான். யார் பெயர் சொல்வது? "நல்லசிவம்" என்று வந்துவிட்டது. நல்லசிவம் அடையாறில் குடி நிறுத்தும் ஆலோசகர். போன ஜனவரியிலிருந்து மாசம் இரண்டு முறை அவர் முன்னால்தான் இவன் உட்காருகிறான். "நல்லசிவம் குருசாமியா? கேள்விப்பட்டிருக்கேன், பெரிய மனுஷர்" என்றான் ஆறடி. எங்கே கேள்விப்பட்டிருப்பான்! அந்தக் கோபத்திலேயே முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக முதல் வரிசை.

முதல் வரிசையில் நிற்க அவனுக்குக் காரணம் உண்டு. வேறு யாரிடமும் சொல்லவில்லை, மனைவி கற்பகத்திடம் மட்டும் சொன்னான், அதுவும் பாதிதான். "அங்க போய்த்தான் ஆகணுமா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றான். போக வேண்டும். ஏனென்றால் இதற்கு முந்தைய ஏழு திருவிழாக்களிலும் கையில் கட்டிய பட்டைகளைப் பீரோவில் வைத்திருக்கிறான். எதைத் தொட்டாலும் எதுவும் ஞாபகம் வரவில்லை. உப்புமூட்டை என்று ஒரு இசைக்குழு, அதற்காகத்தான் உயிரை விட்டான், 'ஈர மணல்' என்று அவர்களுடைய பாட்டு, பதினோரு நிமிஷப் பாட்டு, அதற்கு அழுதிருக்கிறான் என்று நண்பர்கள் சொல்லித் தெரியும். அழுதது பாட்டுக்கா, பாட்டிலுக்கா? குடியை விட்ட பிறகு வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கேட்டான். பாட்டு ஓடியது, முடிந்தது, மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்தப் பயம். நமக்குப் பாட்டு என்று ஒன்று பிடித்ததே கிடையாதோ? எல்லாம் அந்தத் தண்ணி பாடிய பாட்டுதானோ? அப்படித்தான் என்றால் குடியோடு இன்னும் என்னவெல்லாம் போய்விட்டது, சிரிப்பு போயிற்றா, நட்பு போயிற்றா, போய்விட்டு மிச்சமிருப்பது இந்த பம்ப்செட்டும் கடன் தவணையும்தானா? அப்படியென்றால் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. அதை அவன் நன்றாக அறிவான். நல்லசிவத்திடம்கூடச் சொல்லாத கணக்கு இது: இங்கே வந்து, நேரில் நின்று, வெறும் காதோடு கேட்பது, ஏதாவது மிச்சமிருந்தால் சரி, இல்லையென்றால் இல்லை. இல்லையென்றால் என்ன என்பதை அவன் தனக்கே முடித்துச் சொல்லிக்கொள்ளவில்லை.

முடித்துச் சொன்னவன் ஜெரால்டுதான். மூன்றடி தள்ளி நின்று, மேடையில் ஆட்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, ரொம்பப் பிரியமாகக் கேட்டான். "சாமி, எப்ப மலைக்கு?" மகர ஜோதிக்கு என்று தணிகைவேல் சொன்னான், பொய்க்கு வேறு என்ன நாள் சொல்ல முடியும். "அப்ப பொங்கலுக்கு மாலை கழட்டிடுவீங்க. நான் மெட்ராஸ் வந்துடறேன். நானே வாங்கிட்டு வரேன், நல்ல சரக்கு, மச்சான் துபாய்லேர்ந்து கொண்டாந்தது. இன்னிக்கு விட்டதுக்கெல்லாம் சேத்து அன்னிக்கு." அவன் முகத்தில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. நண்பனுக்காக முப்பது நாள் காத்திருக்கத் தயாராக இருக்கிறவன் முகம் அது. தணிகைவேலுக்குப் பகீரென்றது. இதை ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை? மாலைக்கு முடிகிற தேதி உண்டு. மாலை போட்டவன் கழற்றுவான், கழற்றுகிற அன்றைக்கே குடிக்கிறவர்களை அவனுக்குத் தெரியும், பேருந்து நிலையத்திலேயே ஆரம்பிப்பார்கள். பதினோரு மாசமாகத் தேதி இல்லாமல் வைத்திருந்த ஒன்றுக்கு அவனே தலையாட்டித் தேதி குறித்துக் கொடுத்துவிட்டான். அதைவிடக் கேவலம், மனசுக்குள் ஒரு மூலையில் எதுவோ ஒன்று உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. இன்றைக்குப் பதினாறு. முப்பத்தொன்று வரைக்கும் பதினைந்து. அப்புறம் பதினைந்து. முப்பது நாள். முப்பது நாள்தானே, ஓடிவிடும். யாருடைய குரல் இது? சீ என்று அதட்டினான். அது சிரித்துக்கொண்டே, துபாய்ச் சரக்கு என்றது.

நாலரை மணிக்கு உப்புமூட்டை மேடையேறியது. முதல் பாட்டு. தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டான், அப்படி மூடினால்தான் கேட்கும் என்று நினைத்தான், கண்ணை மூடியதும் பாதத்து முள்தான் கேட்டது. இரண்டாவது பாட்டு ரயிலைப் பற்றியது. பக்கத்தில் ஒரு பெண் இரண்டு கையையும் தூக்கி ஆடினாள், அவள் டம்ளரிலிருந்து நாலு சொட்டு இவன் தோளில் விழுந்தது, அந்த வாசனை, பாழாய்ப்போன அந்த வாசனை மட்டும் எவ்வளவு தெளிவாக வருகிறது, பாட்டு வரவில்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவில் கிடார்க் கம்பி முறுக்குவதற்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக இந்த இடைவெளிகள் இருந்தன என்பதே அவனுக்குத் தெரியாது. போதையில் இரண்டு மணி நேரம் இருபது நிமிஷமாகப் போகும், இப்போது இருபது நிமிஷம் இரண்டு மணி நேரமாகப் போகிறது. மூன்றாவது பாட்டு. கொட்டாவி வந்தது. கொட்டாவி! முதல் வரிசையில், சாமி, கொட்டாவி. நாலாவது பாட்டில், ஊருக்குத் திரும்பியதும் மோட்டார் சர்வீஸுக்கு யாரை எங்கே அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஐந்தாவதில் தன்னையே சமாதானம் செய்ய ஆரம்பித்தான்: வந்தாயிற்று, நின்றாயிற்று, கேட்டாயிற்று, வரவில்லை, இதில் நம் தப்பு என்ன, யாராலும் முடியாததை நம்மால் மட்டும் எப்படி முடியும், முப்பது நாள். அந்தச் சமாதானம் இதமாக இருந்தது. அது இதமாக இருந்ததுதான் அவனைக் குலை நடுங்க வைத்தது. கற்பகத்திடம் என்ன சொல்வது? எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், ஒன்றும் கேட்கமாட்டாள், சாப்பாடு எடுத்து வைப்பாள், அந்தக் கேட்காமல் இருப்பதுதான் தாங்காது.

ஆறாவதாக 'ஈர மணல்' ஆரம்பித்தது. திடல் முழுக்க ஊளையிட்டது. ஜெரால்டு டம்ளரோடு துள்ளினான். பாடகன் கண்ணை மூடி, கையை நீட்டி, முதல் வரியை இழுத்தான், இழுத்து மேலே கொண்டுபோய் வைத்தான், வைத்த இடம் சரியில்லை. தணிகைவேல் கண்ணைத் திறந்தான். என்ன இது? மறுபடி அதே வரி, மறுபடி அதே இடம், அரைக்கால் அளவு கீழே. பம்ப்செட் ஓடுகிற சத்தத்தை ரோட்டில் நின்று கேட்டே பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு, அந்தக் காதுக்குள் யாரோ ஊசியை விட்டதுபோல் இருந்தது. சுருதி சேரவில்லையே! பேஸ் கிடார்க்காரன், பாவம், குள்ளமான ஆள், அவன் மட்டும் அடியிலே சரியான இடத்தைப் பிடித்துக்கொண்டு வா வா என்று கூப்பிடுகிறான், இவன் வரமாட்டேன் என்கிறான். இங்கே வாடா, அங்கே பார், அவன் எவ்வளவு அழகாகப் பாய் விரித்து வைத்திருக்கிறான், வந்து உட்காருடா! தணிகைவேலுக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் கடித்தான், கம்பைப் பிடித்துக் குலுக்கினான். இவனுக்காகவா எட்டு வருஷம்? அந்தக் குள்ளன் எட்டு வருஷமாக இப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தானா, நான் எங்கே போயிருந்தேன்? மூன்றாவது சரணத்துக்கு முன்னால் குள்ளன் தனியாக எட்டே எட்டு ஸ்வரம் கீழே இறங்கினான், யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் பாடகனோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள், தணிகைவேல் மட்டும் "அடப் பாவி" என்றான், சத்தமாக. சொல்லிவிட்டுத்தான் தன் நெஞ்சு படபடப்பதைக் கவனித்தான். பிடிக்காதவனுக்கு இவ்வளவு கோபம் வருமா? பாட்டு இல்லாதவனுக்கு அது கெட்டுப்போனால் வயிறு எரியுமா? இல்லை, இல்லை, இருக்கிறது, சனியன் இங்கேதான் இருந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்று இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, எரிச்சலாகவும் இருந்தது, ஆனால் தூக்கம் போயிருந்தது, முள் போயிருந்தது.

பாட்டு முடிந்து கை தட்டிக்கொண்டிருந்தபோது தணிகைவேல் அந்த மூன்றடியைத் தாண்டிப் போய் ஜெரால்டின் தோளைப் பிடித்தான். ஜெரால்டு பதறினான். "ஐயோ சாமி, தொடாதீங்க."

"மாலையெல்லாம் போடலடா ஜெரால்டு. நீயா நினைச்சுக்கிட்ட, நான் தலையாட்டிட்டேன். குடிக்கிறத விட்டுட்டேன். ஜனவரியோட வருஷம் ஆகப்போவுது."

ஜெரால்டு முதலில் சிரித்தான். அப்புறம் இவன் கழுத்தைப் பார்த்தான். "சாமி பேர்லயாடா பொய் சொன்ன? காலை வேற பாத்தேனே, செருப்பு வேற..." அவனுக்கு நிஜமாகவே வலித்துவிட்டது. அப்புறம் தாழ்ந்த குரலில், "உடம்புக்கு ஏதாவதாடா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"எத்தன நாளைக்கு?"

"நாளெல்லாம் கிடையாது. பொங்கலுக்கு வா, பொங்கல் சாப்பிடலாம். பாட்டில் வேணாம்."

"பின்ன எதுக்குடா இதெல்லாம்? உசுரோட இருக்கறதே இந்த ரெண்டு நாளுக்குத்தான்."

"பாட்டு கேக்கணும்டா."

"நாங்க மட்டும் என்ன செவிடா?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். தணிகைவேலுக்கு அன்றைக்கு முழுக்கச் சேர்ந்திருந்த கோபம், சோளத்தின் கோபம், முள்ளின் கோபம், அந்தப் பாடகன் மேல் வந்த கோபம் எல்லாம் நாக்கில் வந்து நின்றன. "சரி, சொல்லு. ரெண்டாவதா என்ன பாட்டு பாடினான்?"

ஜெரால்டு வாயைத் திறந்தான். மேடையைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். விரலை மடக்கினான், ஒன்று மடங்கியது, அடுத்தது மடங்காமல் நின்றது. அவன் நெற்றியில் வேர்த்திருந்தது. யோசிக்கிற ஜெரால்டைத் தணிகைவேல் இதற்கு முன் பார்த்ததே இல்லை. கேட்டிருக்கக் கூடாது என்று அந்த நிமிஷமே பட்டது. நாமும் போன வருஷம் இதே திடலில் இப்படித்தானே நின்றிருப்போம். ரயில் பாட்டுடா என்று எடுத்துக் கொடுக்க நினைத்தான், அதற்குள் ஜெரால்டு முந்திக்கொண்டான்.

"நீ மாலை போட்டிருந்தப்பவே நல்லா இருந்தடா," என்று சொல்லிவிட்டு ஜெரால்டு கூட்டத்துக்குள் போனான். அவன் போன வழி உடனே மூடிக்கொண்டது. இனி யாரும் சாமி என்று கூப்பிட்டு ஒதுங்கப் போவதில்லை, இடது பக்கம் இடித்தார்கள், வலது பக்கம் இடித்தார்கள், ஒருத்தன் "தள்ளுங்கண்ணே" என்று தோளைப் பிடித்து நகர்த்தி முன்னால் வந்து நின்றான். தணிகைவேல் நகரவில்லை. ஏழாவது பாட்டு ஆரம்பித்தது. பாடகன் மறுபடி கண்ணை மூடி, கையை நீட்டி, மேலே போய், தப்பான இடத்தில் உட்கார்ந்தான்.

"கீழே கேளுடா மூதேவி, அவன் கொடுக்கறான் பாரு," என்று தணிகைவேல் கத்தினான், கடைசிப் பாட்டு வரைக்கும் கத்திக்கொண்டே நின்றான்.